ஹேமேட் கொக்கி எலும்பு முறிவு: அறுவை சிகிச்சைக்குப் பின் 3 ஆண்டுகள்

டென்னிஸ் ஆடும்போது மட்டைக் கைப்பிடியின் அடிமுனை வலது உள்ளங்கையில் ஓங்கி இடித்ததில் எனக்கு முறிந்தது, மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளுள் ஒன்றான ஹேமேட்டிலிருந்து உள்ளங்கைப் பக்கம் நீண்டிருக்கும் கொக்கி. வீக்கம் அதிகமில்லை. முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாததால், சுளுக்கு என்று சொல்லிக் களிம்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வழக்கமான கோணங்களில் எடுக்கும் படங்களில் இந்தக் கொக்கி மற்ற எலும்புகளின் நிழலில் மறைந்துவிடக்கூடும் என்பதை, 4 மாதம் வலியோடு அலைந்து, கை அறுவை நிபுணர் ஒருவர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்ன பிறகே அறிந்தேன். சுண்டுவிரலுக்குக் கீழுள்ள உள்ளங்கை மேட்டில் அழுத்தினால் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்து, எதையேனும் இறுகப் பிடிக்கையில் அந்த வலி கூடினால், சிடி ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அந்த இடத்தில் இரத்த ஓட்டம் குறைவு, எலும்பு கூடவில்லை. மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கும் தசைநாண்கள் கொக்கியை ஒட்டி ஓடுவதால், முறிந்த விளிம்பில் உராய்ந்து ஒருநாள் அறுந்துபோகவும் கூடும் என்று நிபுணர் விளக்கியபோது எனக்கு உண்மையிலேயே அச்சம் ஏற்பட்டது. திருகாணி வைத்து இணைக்கும் முறையும் உண்டு என்றாலும், மாதங்கள் கடந்துவிட்ட என் முறிவுக்குத் துண்டை அகற்றுவதே நல்லது என்றார். கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள். கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பின் கிளை கொக்கியை ஒட்டி வளைந்து செல்வதால், அதற்குக் காயம் படாமல் எலும்பை எடுப்பதே இதில் மிகுந்த கவனம் கேட்கும் வேலை.

தையல் பிரித்தது 12ஆம் நாள். சுண்டுவிரலின் மரமரப்பு 3 வாரத்தில் அடங்கியது. நான் எதிர்பாராதது தழும்பின் வலிதான்: தரையில் கை ஊன்றி எழவும், சப்பாத்தி மாவு பிசையவும் ஏறத்தாழ 3 மாதம் முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தினமும் எண்ணெய் தொட்டுத் தழும்பை அழுத்தித் தேய்த்ததும், மென்பந்தைப் பிசைந்ததும் மெல்ல மெல்லப் பலன் தந்தன. இதில் அவசரப்பட்டுப் பயனில்லை.

இன்று வலி இல்லை. நிறைந்த வாளியை நெடுநேரம் தூக்கினால் மட்டும் கடைசி இரு விரல்களும் சற்று முன்னதாகவே களைக்கின்றன. ஆறாம் மாதத்திலேயே ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். கைப்பிடியின் அடிமுனை உள்ளங்கைக்குள் பதியாமல் வெளியே நீண்டிருக்கும்படி பிடித்தே ஆடுகிறேன்.