அரை ஆயுட்காலத்தை அளந்து பார்க்க ஒரு சீசியம்–பேரியம் ஐசோடோப்பு ஜெனரேட்டர்: வகுப்பறை மதிப்புரை

கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரமே அரை ஆயுட்காலம். ஓர் அரை ஆயுட்காலத்தில் பாதி சிதைந்தால், அடுத்ததில் மீதியில் பாதிதான் சிதையும் என்பதற்குப் பதிலாக, மீதி முழுவதும் தீர்ந்துவிடும் என்று மாணவர்கள் விடைத்தாளில் எழுதுவது வேதியியல் ஆசிரியர்கள் அனைவருக்கும் பழக்கமானதே. அந்த எண்ணத்தை ஒரே வகுப்பில் மாற்ற வல்லது என்று நான் தயங்காமல் பரிந்துரைக்கும் கருவி, சீசியம்-137 அடங்கிய ஐசோடோப்பு ஜெனரேட்டர். ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கையால் வேறுபடும் அணு வகைகளே ஐசோடோப்புகள்; நீண்ட காலம் நிலைக்கும் ஒன்று சிதைந்து உருவாக்கும் குறுகிய கால ஐசோடோப்பை வேண்டும்போது பிரித்துத் தருவதே இந்த ஜெனரேட்டர்.

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் உறைக்குள், சில அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) மட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பொருளின் மீது மிகச் சிறிதளவு சீசியம் பிணைக்கப்பட்டிருக்கிறது. 55 புரோட்டான்களும் 82 நியூட்ரான்களும் கொண்ட அதன் அணுக்கரு பீட்டா துகளை (ஓர் எலக்ட்ரானை) வெளியிடும்போது, ஒரு நியூட்ரான் புரோட்டானாகி, 56 புரோட்டான்களைக் கொண்ட பேரியமாக மாறுகிறது. தனிமம் மாறிய அக்கணமே வேதிப்பண்பும் மாறிவிடுவதால், உப்பும் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீர்மத்தைச் சிரிஞ்சினால் மெல்லச் செலுத்தினால், சீசியம் உள்ளேயே தங்கிவிட, பேரியம் மட்டும் சொட்டுச் சொட்டாக உலோகத் தட்டில் இறங்குகிறது. வேதிப்பண்பைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

இறங்கிய பேரியம், கூடுதல் ஆற்றல் கொண்ட கிளர்வுற்ற நிலையில் இருப்பதால் (பேரியம்-137எம் என்பதில் உள்ள ‘எம்’ இதையே குறிக்கிறது), காமா கதிரை வெளியிட்டு நிலையான பேரியம்-137 ஆகிறது. இயற்கையில் கிடைக்கும் பேரியத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடு இதே ஐசோடோப்புதான். இந்த மாற்றத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 2.55 நிமிடம், அதாவது 153 வினாடி. தாய் ஐசோடோப்பான சீசியத்துக்கோ சுமார் 30 ஆண்டுகள். தட்டை, கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கருவியான கெய்கர் எண்ணியின் அடியில் வைத்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்தால், 800 இருந்த இடத்தில் 153 வினாடியில் ஏறத்தாழ 400, மேலும் 153 வினாடியில் 200 என்று குறைவது கண்ணெதிரே தெரியும். எண்கள் அச்சடித்தாற்போல் வராமல் சற்று ஏறி இறங்குவதை யாரும் குறையாகக் கருத வேண்டாம். சிதைவு தற்செயலாக நிகழ்வது என்பதை மாணவர்கள் உணர அந்த ஏற்ற இறக்கமே உதவுகிறது. அரை மணி நேரத்துக்குள் பத்து அரை ஆயுட்காலங்களுக்கு மேல் கடந்து, தொடக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சும். அதற்குள் உறைக்குள் புதிய பேரியம் சேர்ந்துவிடுவதால், அடுத்த குழுவும் சோதனையைத் தொடங்கலாம்.

எனக்குக் கிடைத்த கையேடு இரண்டு இடங்களில் போதாது. சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் பின்னணிக் கதிர்வீச்சைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் வரைபடத்தின் வால்பகுதி தட்டையாகி, அரை ஆயுட்காலம் உண்மையைவிட நீண்டதாகத் தோன்றும்; இதைக் கையேடு ஒரே வரியில் கடந்துவிடுகிறது. நாளடைவில் சீசியமும் சிறிது கசியக்கூடும் என்பதை அது சொல்லவே இல்லை. அரை மணி நேரம் கழிந்த தட்டை மீண்டும் அளந்து, எண்ணிக்கை பின்னணி அளவுக்கு இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது அவசியம். இறங்காவிட்டால் அந்த நீர்மத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

கெய்கர் எண்ணியைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். கதிரியக்கப் பொருளை வைத்திருப்பதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், நிறுவனங்கள் உரிய அனுமதி, பாதுகாப்புப் பொறுப்பாளர், பயன்பாடு முடிந்தபின் ஒப்படைக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றையும் உறுதிசெய்த பிறகே இதை வாங்க வேண்டும்.