கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சாரைச் சோதிக்க இஎல்எம்327 அடாப்டர் போதுமா?

இன்ஜின் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்யும் பழுதுக் குறியீடு) படிக்கப் பலரும் வாங்கி வைத்திருக்கும் சின்ன புளூடூத் அடாப்டர்தான் இது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஸ்பீடு சென்சார் பழுதையும் இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாமா என்றால், பாதி தூரம் போகலாம். மீதிக்கு மல்டிமீட்டர் வேண்டும்.

அடாப்டரைவிட ஆப்தான் முக்கியம். சாதாரண ஓபிடி (வண்டியின் பழுதறியும் அமைப்பு) ஆப்பில் பல வண்டிகளுக்கு பி0700 மட்டும்தான் வரும். கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான டிசிஎம்மில் வேறு ஏதோ கோடு பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இன்புட் சென்சாருக்கான பி0715, பி0717, அவுட்புட் சென்சாருக்கான பி0720, பி0722 எல்லாம் உள்ளே இருக்கும். உங்கள் மாடலின் டிசிஎம்முக்குள் நுழைந்து டர்பைன் வேகத்தையும் (கியர்பாக்ஸுக்குள் வரும் இன்புட் வேகம்) அவுட்புட் வேகத்தையும் காட்டாத ஆப்பை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

அவை தெரிந்தால் அடாப்டர் நன்றாகவே உழைக்கிறது. வண்டியை நகர்த்தாமலே ஒரு சோதனை: பார்க்கிங்கில் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் ஓடினால் டர்பைனும் ஏறக்குறைய அதையே காட்ட வேண்டும். பிரேக்கை அழுத்திக்கொண்டு டி-க்கு மாற்றினால் டர்பைன் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். எங்கும் பூஜ்யமே என்றால் சென்சாரோ வயரோ செத்துக் கிடக்கிறது. (டர்பைன் ஷாஃப்டுக்குப் பதில் கிளட்ச் டிரம்மைப் படிக்கும் கியர்பாக்ஸ்களுக்கும், நிற்கும்போது தானே நியூட்ரலுக்குப் போகும் வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.)

ஓட்டத்தில் பார்க்க வேண்டியது விகிதம். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும், அல்லது பதிவுசெய்து பிறகு பாருங்கள். மூன்றாம் கியரின் விகிதம் 1.40 என்றால், டர்பைன் 2100 சுற்றும்போது அவுட்புட் 1500 இருக்க வேண்டும். திடீரென்று அவுட்புட் மட்டும் 900-க்கு விழுந்து மீண்டும் 1500-க்கு ஏறினால், அந்த நேரத்தில் ஏபிஎஸ் காட்டும் சக்கர வேகத்தைப் பாருங்கள். அது அசையவில்லை என்றால் பொய் சொல்வது அவுட்புட் சென்சார். விகிதம் ஒரே ஒரு கியரில் மட்டும் தவறினால் சென்சாரை விட்டுவிட்டு கிளட்ச் வழுக்கலைச் சந்தேகியுங்கள். இது புரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றி எறிபவர்கள் நிறைய.

குறை, வேகம். பத்து மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் திரை தள்ளாடும். இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். அப்படியும் கண்ணிமைக்கும் நேரத்தில் விட்டுவிட்டு வரும் சிக்னலை இது பிடிக்காது. அதற்கு சிக்னலை அலையாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்தான் வழி.

எந்தக் கோடு வந்தாலும் அது சர்க்யூட்டைத்தான் குறிக்கிறது. ஆகவே சென்சார் வாங்கும் முன் கனெக்டரைப் பிரியுங்கள். உள்ளே கியர் ஆயில் கசிந்திருக்கிறதா, பின் பச்சை பூத்திருக்கிறதா, எக்ஸாஸ்ட் அருகே வயர் உருகியிருக்கிறதா பாருங்கள். காயில் வகை (உள்ளே கம்பிச் சுருள் இருப்பது) சென்சாரில் ஓம்ஸ் அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடலாம்; குளிரில் சரியாக இருந்து சூட்டில் அறுபடும் காயில்களும் உண்டு என்பதால் சூடாக இருக்கும்போதும் அளவெடுங்கள். ஹால் வகையில் (உள்ளே மின்சாரம் கொடுத்தால் இயங்கும் சிப் இருப்பது) ஓம்ஸ் அளப்பதில் பயனில்லை. சப்ளை வோல்டேஜ், எர்த், சிக்னல் மூன்றையும் பாருங்கள். இரண்டு வயர் இருந்தாலே காயில் என்று முடிவுகட்ட வேண்டாம், இரண்டு வயர் ஹால் சென்சாரும் இருக்கிறது. அளவை டிசிஎம் கனெக்டர் பக்கத்திலிருந்து எடுத்தால் வயரிங்கும் சேர்ந்தே சோதிக்கப்படும்.

கழற்றிய சென்சாரின் முனையில் மெல்லிய கரும்பசை இருப்பது சகஜம், துடைத்து மாட்டிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் உலோகச் சிலும்பு இருந்தால் பிரச்சினை கியர்பாக்ஸுக்குள். மாட்டும்போது புது ஓ-ரிங், அதன்மேல் கொஞ்சம் கியர் ஆயில்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: "வி1.5" என்று அச்சிட்டவை எல்லாமே நகல்கள், ஒரிஜினல் சிப்பில் அப்படியொரு பதிப்பே வந்ததில்லை. நகல் என்பதாலேயே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் சில நகல்கள் டிசிஎம்மோடு பேசத் தேவையான கமாண்டுகளை ஏற்பதில்லை. திருப்பித் தர வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வருவதால், வேலை முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.