என்ஜி-அப்கிரேட்: ஆதரவு நின்றுபோன ஆங்குலர் ஜேஎஸ்ஸிலிருந்து வெளியேற ஒரு கருவி

வலைச் செயலிகளை எழுத உதவும் ஃபிரேம்வொர்க்கான (ஆயத்த நிரல் கட்டமைப்பான) ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்குத் தந்துவந்த ஆதரவை கூகுள் 2021 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. 2018 ஜூலையில் தொடங்கிய நீண்டகால ஆதரவு மூன்றே ஆண்டுகளுக்கு என்றுதான் அறிவித்திருந்தார்கள்; கொரோனாவை முன்னிட்டு மேலும் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆகவே திடீரென்று கைவிட்டுவிட்டார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. அப்படியிருந்தும், 2014இல் எழுதப்பட்ட எங்கள் அலுவலகத்தின் விடுப்பு மற்றும் பயணப்படிச் செயலி அந்தத் தேதி கடந்த பிறகும் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டியின் எஞ்சினைப் பிரிக்க எவருக்கும் மனம் வரவில்லை.

எங்களை அசைத்தது ஒரு பாதுகாப்புத் தணிக்கை. செயலி பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளில் அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிடும் என்பிஎம் ஆடிட் கட்டளையை இயக்கியதும், பொருள்களை நகலெடுக்கும் ஆங்குலர் ஜேஎஸ்ஸின் காப்பி செயல்பாட்டில் 2023இல் பதிவான குறைபாடு உட்படப் பல வரிகள் திரையில் வந்தன. அவற்றின் அடியில் திருத்தம் ஏதும் கிடைக்காது என்ற ஒரே குறிப்பு. கடைசிப் பதிப்பான 1.8.3 வெளிவந்தது 2022 ஏப்ரலில். அதற்குப் பின் கண்டறியப்பட்டவற்றுக்கு மூலத் திட்டத்திலிருந்து மருந்து வரப்போவதில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய பதிப்புக்குத் திருத்தங்கள் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. எங்கள் நிர்வாகம் அந்தச் செலவுக்கு இணங்கவில்லை. முழுவதையும் புதிதாக எழுதவும் ஆளில்லை. எஞ்சியது, பழைய செயலியைப் புதிய ஆங்குலருக்குப் படிப்படியாக மாற்ற ஆங்குலர் குழுவே இலவசமாக வழங்கும் என்ஜி-அப்கிரேட். ஏறத்தாழ ஓராண்டு அதனுடன் வேலை செய்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

2016 செப்டம்பரில் வெளிவந்த ஆங்குலர் 2, பெயரளவில்தான் பழையதன் வாரிசு. டைப்ஸ்கிரிப்ட் மொழியில் அடியிலிருந்து எழுதப்பட்ட அதில் திரைக்கான தரவை வைத்திருக்கும் பழைய ஸ்கோப்பும் இல்லை, அதை நிரப்பி இயக்கும் கன்ட்ரோலரும் இல்லை. என்ஜி-அப்கிரேட் இந்த இரண்டையும் ஒரே வலைப்பக்கத்தில், ஒரே நேரத்தில் இயங்க வைக்கிறது. பழைய சர்வீஸை (பல திரைகளுக்குப் பொதுவான நிரலை) புதிய பக்கமும், புதிய காம்போனென்ட்டை (திரையின் ஒரு தனித் துண்டை) பழைய பக்கமும் பயன்படுத்தலாம். வலைப்பக்கத்திலுள்ள ஒவ்வோர் உறுப்பும் இரண்டில் ஏதேனும் ஒரு ஃபிரேம்வொர்க்குக்கு மட்டுமே சொந்தம் என்ற விதியை மனத்தில் பதித்துக்கொண்டால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொடக்கம் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. பழைய எச்டிஎம்எல்லின் பாடி குறியில் பத்தாண்டாக உட்கார்ந்து செயலியைத் தானாகத் தொடங்கிவைத்த என்ஜி-ஆப் என்ற பண்பை அழித்துவிட்டு, செயலியை நாமே ஒரு வரியில் தொடங்கிவைக்க வேண்டும். அன்று மாலை பக்கத்தைத் திறந்தபோது எதுவுமே மாறவில்லை. அதுதான் வெற்றி. மறுநாள் விடுப்பு விண்ணப்ப அட்டையைப் புதிய காம்போனென்ட்டாக எழுதி, பழைய பட்டியலுக்குள் செருகினோம். அங்கே ஒரு சிறு விநோதம் உண்டு: காம்போனென்ட் நிற்பது பழைய டெம்ப்ளேட்டில் (திரையின் எச்டிஎம்எல் வார்ப்பில்) என்றாலும், அதற்குத் தரவை அனுப்பும் பண்பைப் புதிய ஆங்குலரின் முறையில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும், ஆனால் பெயரோ பழைய வழக்கப்படி சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே கோடிட்டு இருக்க வேண்டும். நான் கோடு போட மறந்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, அட்டை மட்டும் வெறுமையாக நின்றது; அரைநாள் போயிற்று. ஆவணத்தில் இது எழுதப்பட்டுத்தான் இருக்கிறது, நான்தான் படிக்காமல் தாண்டியிருக்கிறேன்.

கடினம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பழைய டைரெக்டிவ்களில் (எச்டிஎம்எல்லுக்குப் புதிய குறிகளையும் பண்புகளையும் சேர்க்கும் நிரல்களில்) தனி உறுப்பாக எழுதப்பட்டவற்றை மட்டுமே இக்கருவி புதிய பக்கத்துக்கு ஏற்றும். பண்பாக ஒட்டவைத்தவற்றையும், ரீப்ளேஸ், டெர்மினல் போன்ற அமைப்புகளைக் கொண்டவற்றையும் அது ஏற்காது. மதிப்புகளைத் திரைக்கேற்ற வடிவில் காட்டும் ஃபில்டர்களை மாற்றித் தரும் வசதியும் இல்லை. எங்கள் தேதி, தொகை ஃபில்டர்கள் அனைத்தையும் புதிய ஆங்குலரில் அவற்றுக்கு இணையான பைப்களாகக் கையால் எழுதினோம். 2016 தொடக்கத்தில் வந்த 1.5ஆம் பதிப்பின் காம்போனென்ட் பாணியில் எழுதப்பட்ட செயலியாக இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி இராது. எங்களுடையது அதற்கு முந்தையது. எங்கும் ஸ்கோப், தாய் ஸ்கோப்பின் மதிப்பைப் பிள்ளை மாற்றுவது, யார் மாற்றினார்கள் என்று தெரியாமல் வாட்ச் (மதிப்பு மாறுகிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு) வைத்துக் காத்திருப்பது. எனவே முதல் ஐந்து மாதங்களில் நாங்கள் செய்தது ஆங்குலர் வேலையே அன்று. பழைய நிரலைப் பழைய மொழியிலேயே ஒழுங்குபடுத்திய வேலை. கருவியின் அறிமுகப் பக்கத்தைப் பார்த்து நாள் கணக்குப் போடுபவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கருவியின் இரண்டு தொடக்க முறைகளில் முதலாவதான அப்கிரேட் மாட்யூல் வழியாகத் தொடங்கினால், புதிய பக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் எல்லா வாட்ச்களையும் சரிபார்க்கும் பழைய பக்கத்தின் டைஜெஸ்ட் சுற்றும் சேர்ந்து ஓடும். எங்கள் பயணப்படிப் பட்டியலில் 60 வரிசைகள், வரிசைக்கு 12 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வாட்ச். தேடல் பெட்டியில் எழுத்தை அடித்தால் அது திரையில் தோன்றும் முன் கண் இமைக்க நேரம் கிடைத்தது. இதில் கருவியைக் குறை கூறுவது நியாயமாகாது, பட்டியலை அப்படிக் கட்டியவர்கள் நாங்கள். மாறாத கட்டங்களுக்கு, மதிப்பைக் காட்டியதும் வாட்ச்சை விட்டுவிடும் ஒருமுறைப் பிணைப்பைப் போட்டோம். பிறகு டவுன்கிரேட் மாட்யூல் என்ற இரண்டாவது முறைக்கு மாறினோம். அதில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று ஓயாமல் எழுப்புவதில்லை, புதிய ஆங்குலரும் தேவைப்படும்போதுதான் உயிர் பெறுகிறது. ஆனால் மாற்றத்தைச் சில இடங்களில் நாமே கைப்பட அறிவிக்க வேண்டியிருக்கிறது. நடுத்தரச் செயலிகளுக்கு முதல் நாளிலேயே இரண்டாவது முறையை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று தீர்மானிக்கும் ரூட்டரின் விஷயம் தனிக் கதை. பழைய ரூட்டர், புதிய ரூட்டர் இரண்டையும் வைத்துக்கொண்டால் முகவரிப் பட்டையை இரண்டும் சொந்தம் கொண்டாடும். எந்த முகவரி யாருடையது என்று பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். நாங்கள் கடைசிவரை பழைய ரூட்டரையே விட்டுவைத்தோம்.

குழுவில் ஸ்கோப்பை அறிந்த ஒருவராவது இருந்து, புதிய வசதிகளைச் சில மாதங்கள் தள்ளிப்போட நிர்வாகமும் சம்மதித்தால், இக்கருவியைத் தயங்காமல் எடுக்கலாம். பத்துப் பதினைந்து திரைகள் மட்டுமே உள்ள சிறு செயலிக்கு இது வேண்டாம். நேராகப் புதிதாக எழுதுவதில் நேரமும் மிச்சம், பயனரின் உலாவிக்கு இரண்டு ஃபிரேம்வொர்க்குகளை அனுப்பும் சுமையும் இல்லை. எங்களுடையதில் 41 திரைகள். அவற்றில் 38 மாறிவிட்டன. மாத அறிக்கைத் திரைகள் மூன்றும் இன்னும் பழையதிலேயே நிற்கின்றன. அவை மாறும்வரை தணிக்கைப் பட்டியலில் அந்த வரிகளும் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன.