அலுமாரியும் கட்டிலும்: கடையில் எடுப்பதா, தச்சரிடம் செய்விப்பதா?

"செய்விச்சால் மலிவு" என்று யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. செய்விக்கும்போது காசு மிஞ்சுவது மரத்தில்தான், கூலியில் அல்ல. வளவில் நின்ற வேம்போ, இடித்த பழைய வீட்டின் தேக்கோ முதிரையோ கையில் இருந்தால், தச்சரிடம் செய்விப்பதற்கு ஈடாக எந்தக் கடையும் வராது. மரக்காலையில் முழு மரத்தையும் விலைக்கு வாங்கிச் செய்விப்பதென்றால், சாதாரணக் கட்டிலுக்குக் கடைதான் பெரும்பாலும் இலாபம். மொறட்டுவைப் பட்டறைகள் ஒரே அளவை இயந்திரத்தில் வரிசையாக அறுத்துத் தள்ளுகின்றன. நம்முடைய தச்சர் உங்களுக்காக ஒன்றே ஒன்றைச் செய்கிறார்.

மரத்தூளை அழுத்திச் செய்த அலுமாரிதான் இன்றைக்கு ஆகக் குறைந்த விலை. நிலம் கழுவும் தண்ணீர் அடியில் ஊறினால் அது ஊதிவிடும். வீடு மாறும்போது கழற்றிப் பூட்டினால் திருகாணி பிடிக்காது. பிள்ளையின் படிப்பு மேசைக்குப் போதும். உடுப்பு அலுமாரிக்கு வேண்டாம்.

மொறட்டுவையிலிருந்து வரும் மகோகனி, தேக்குச் சாமான்கள் நல்லவைதான். ஆனால் பொளிஷ் பல குறைகளை மறைக்கும். லாச்சியை முழுவதும் இழுத்து அடியைப் பாருங்கள், அலுமாரியின் முதுகைத் தட்டிப் பாருங்கள். பொளிஷ் படாத இடத்தில் வைரமா (மரத்தின் உறுதியான நடுப்பகுதி) வெள்ளையா (பட்டையோரத்து மென்பகுதி) என்று தெரிந்துவிடும். பூச்சி முதலில் விழுவது வெள்ளையில்தான்.

செய்விக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். மாரியில் தறித்த மரத்தைத் தையில் அரிந்து மாசியில் கட்டிலாக்கினால், சித்திரை வெயிலில் பொருத்து விலகும், கதவு முறுகும். பலகைகளுக்கு இடையில் சலாகை வைத்து, காற்றோட்டமான நிழலில் மாதக் கணக்கில் அடுக்கிவைக்கத்தான் வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர் கடைக்குப் போவதே நல்லது. பழைய வீட்டு மரத்தின் பெரிய பலம், அது ஏற்கெனவே காய்ந்து இறுகியிருப்பது. ஆணிகளை மட்டும் ஒன்றுவிடாமல் பிடுங்கிக் கொடுங்கள், தச்சரின் வாள் பாவம்.

வளவு மரம் தறிக்குமுன் கிராம அலுவலரிடம் கேளுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மரக்காலைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 12 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள பலகை ஒரு கன அடி. தச்சர் தரும் பட்டியலை இப்படிப் பெருக்கிப் பார்த்தால் எவ்வளவு மரம் போகும் என்று நீங்களே அறியலாம். சீவலிலும் துண்டிலும் கழிவதற்கு மேலதிகமாக வையுங்கள். பிணைச்சல், பூட்டு, கைபிடி, பொளிஷ் எல்லாம் கூலிக்குள் அடங்குமா என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக்கொள்ளுங்கள். பேசிய தொகை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். நாட்கூலியைவிட, முழு வேலைக்கும் ஒரு தொகை பேசுவது எனக்குப் பிடித்தது.

என் தெரிவு இதுதான்: கட்டில் கடையில், அலுமாரி தச்சரிடம். அறை மூலைக்கும் சேலை மடிப்புக்கும் ஏற்ற அளவு கடையில் கிடைப்பது அரிது. கட்டிலையும் செய்விப்பதென்றால் மெத்தையை முதலில் வாங்குங்கள். 72க்கு 60 அங்குலமும் 75க்கு 60 அங்குலமும் கடையில் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும், மாறி எடுத்தால் கட்டிலுக்குப் பொருந்தாது.