மார்கழியில் 4.5, சித்திரையில் 4.2: ஐ5-2500கே அனுபவம்

பழைய இன்டெல் ஐ5-2500கே ப்ராசஸர் (கணினியின் மையச் சிப்) ஒன்று மலிவாக வருகிறதாம். “லிக்விட் கூலர் போட்டா 4.8 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்தலாமாடா?” என்று நண்பன் கேட்டான். பதில் நீண்டுவிட்டது, எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

2011 ஜனவரியில் வந்த ப்ராசஸர். ஓவர்கிளாக் செய்ய, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, இவ்வளவு சாதுவான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. பி67 அல்லது இசட்68 வகை மதர்போர்டு இருந்தால் போதும். பயாஸில் (கணினியின் அடிப்படை செட்டிங் திரை) வேகத்தின் பெருக்கெண்ணான மல்டிப்ளையரை 45 என்று வைத்தால் 4.5 கிகாஹெர்ட்ஸ். எச்61 போர்டோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்காதே, அதில் ஏற்ற முடியாது. இன்னொரு நல்ல விஷயம், இதன் உலோக மூடியைச் சிப்போடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள். சூடு தடையில்லாமல் மேலே வந்துவிடும். அடுத்த வருடம் வந்த 3570கே-வில் அந்த இடத்தில் வெறும் சூடு கடத்தும் பேஸ்ட்தான்.

இவ்வளவு நல்ல சிப்பை வைத்துக்கொண்டு வருடா வருடம் நான் பல்லைக் கடிப்பது எங்கள் வேலூர் வெயிலால்தான். ஏ.சி. இல்லாத மாடி அறை. மார்கழியில் விடிய விடிய வீடியோ ரெண்டர் ஓடினாலும் முனகாத அதே செட்டிங், மே மாதம் மதியம் பாதி ரெண்டரில் முடங்கி நீலத்திரை காட்டும். இத்தனைக்கும் சிப்பின் 98 டிகிரி என்ற எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. சிப் சூடாக ஆக, குளிரில் போதுமாக இருந்த வோல்டேஜ் அதே வேகத்துக்குப் போதாமல் போகிறது. வோல்டேஜைக் கூட்டினால் இன்னும் சூடு. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். அதனால் சித்திரையில் 4.2-க்கு இறக்கிவிடுவேன்.

கணக்கைப் பார். சூடு, வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடிப் பெருக்காகவும் ஏறும். என் சிப் 4.2-க்கு 1.2 வோல்ட் கேட்கிறது, 4.5-க்கு 1.34. வேகத்தில் கூடுவது 7 சதவீதம். சூட்டில் கூடுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! இதற்காகவா இவ்வளவு பாடு என்று தோன்றும். தோன்றினாலும் மழை பிடித்ததும் கை தானாக பயாஸுக்குப் போய்விடுகிறது, அது வேறு கதை.

சரி, கூலர். எதுவாக இருந்தாலும் அது சிப்பை அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே நிறுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை. அறை 26-லிருந்து 38-க்குப் போனால் சிப்பும் குறைந்தது அந்த 12 ஏறும். லிக்விட் கூலரின் தண்ணீரும் கடைசியில் இதே அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்ட வேண்டும். கூடுதலாக ஒரு பம்ப், அதன் சத்தம், கசிந்தால் போர்டும் போச்சு. நான்கு ஹீட்பைப்போடு (சூடு கடத்தும் குழாய்) 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த டவர் ஹீட்சிங்க் இந்தச் சிப்புக்குத் தாராளம். அதன் காற்று கேபினட்டின் பின்பக்க ஃபேனை நோக்கிப் போகும்படி மாட்டு. போன மாதம் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) மாற்றும்போது ஹீட்சிங்கைக் கழற்றினேன். ஃபேனுக்குப் பின்னால், தகடுகளின் முன்விளிம்பில், தூசி கம்பளித் துண்டு போல ஒரே பாளமாக உரிந்து வந்தது. ஊதிவிட்டுப் புதுப் பேஸ்ட் வைத்ததில் குறைந்த டிகிரி, புதுக் கூலருக்குச் செலவழித்தாலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்து நான் செய்யப்போவதும் கூலர் மாற்றம் இல்லை. முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க ஒரு ஃபேன், வலை ஃபில்டரோடு. கேபினட்டை ஜன்னல் பக்கச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், மேற்கு வெயில் அந்தச் சுவரில்தான் இறங்குகிறது.

ஆனால் நீ வாங்காதே. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இந்தச் சிப்பில் கிடையாது, அதைக் கேட்கும் புது விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு பொதுவாக முடிந்துவிட்டது. காசு இருந்தால் நல்ல டவர் கூலர் ஒன்று மட்டும் வாங்கி வை. இந்தச் சிப் உட்காரும் 1155 சாக்கெட்டுக்கு மாட்டும் அதே துளைகள்தான் 1150, 1151, 1200 போர்டுகளிலும். என்னுடையதை விலைக்குக் கேட்டுவிடாதே, தரமாட்டேன்.