யமஹா எஃப்எஸ்800, எஃப்ஜி800, எஃப்310: பாடிக்கொண்டே வாசிக்க எது?

கிட்டார் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. வந்தவர் பெண் என்றால் சின்னப் பெட்டி, ஆண் என்றால் பெரிய பெட்டி என்று எடுத்து நீட்டுவார்கள். வாசிக்க மட்டும் வாங்குபவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தானே வாசித்துத் தானே பாடப் போகிறவருக்கு இது பெரும்பாலும் தலைகீழ் யோசனை. கடைக்காரர் முதலில் கேட்டிருக்க வேண்டியது, “எத்தனை கட்டைல பாடுவீங்க?”

ஒரு கட்டையில் (சி சுருதியில்) பாடும் ஆண்குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், கீழே இறங்கும் மந்திர பஞ்சமம் 98. டிரெட்னாட் எனப்படும் பெரிய பெட்டிக்குள் இருக்கும் காற்று தானாகவே அதிர்வதும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டும் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) அதே 98. ஆக, குரல் மெலிந்து இறங்கும் இடத்தில் பெட்டி ‘பூம்’ என்று எழும்பி பஞ்சமத்தை விழுங்கிவிடும். பாடுபவர் தன் குரல் போதவில்லை என்று நினைத்துத் தொண்டையை இறுக்குவார். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஸட்ஜமே 208, மந்திர பஞ்சமம் 156. அந்த ‘பூம்’ அவர் குரலுக்கு வெகு கீழே, பாய் விரித்ததுபோலக் கிடக்கும்; பாட்டுக்கு இடைஞ்சல் இல்லை. ‘லேடீஸ் சைஸ்’ என்று விற்கப்படும் சின்னப் பெட்டி அதிகம் தேவைப்படுவது அடித்தொண்டையில் பாடும் ஆண்களுக்குத்தான்.

யமஹாவின் எஃப்எஸ்800 அந்தச் சின்னப் பெட்டி. மேல்பலகை ஒட்டுப்பலகை அல்ல, முழு ஸ்ப்ரூஸ். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தங்கும் துண்டு) சாடில் வரை (பெட்டிமேல் கம்பி தங்கும் துண்டு) கம்பியின் நீளம் 634 மி.மீ. எஃப்ஜி800 அதன் பெரிய அண்ணன். அதே முழு ஸ்ப்ரூஸ், ஆனால் கம்பி நீளம் 650 மி.மீ. இந்த 16 மி.மீ. வித்தியாசத்தை அற்பமாக எண்ண வேண்டாம். ஒரே கம்பியை ஒரே சுருதியில் கட்டினால் எஃப்எஸ்-இல் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறையும். பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) பிடித்துக்கொண்டே நீண்ட வரியைப் பாடும்போது இடதுகை அதைச் சொல்லும். பெட்டியின் ஆழமும் எஃப்ஜி-யில் அதிகபட்சம் 118 மி.மீ., எஃப்எஸ்-இல் 110. பெரிய பெட்டியைக் கட்டிப்பிடித்தால் வலது தோள் மேலே ஏறும், மார்பு ஒடுங்கும், மூச்சு பாதியில் நிற்கும். பாட்டு வாத்தியார் திருத்த முடியாத மூச்சுக் கோளாறு சில நேரம் கிட்டாரை மாற்றினால் சரியாகிவிடும்.

எஃப்ஜி800 எங்கே ஜெயிக்கிறது? மொட்டைமாடியில். சுவரே இல்லாத இடத்தில், சட்டியும் டோலக்கும் போடும் கானா ஜமாவுக்கு நடுவே, மைக் இல்லாமல் எஃப்எஸ் கேட்கவே கேட்காது. அதுவே வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து பாடினால், எஃப்ஜி-யின் அடித்தொனி நாலு சுவரிலும் மோதித் திரும்பி வரும்.

எஃப்310 மூன்றிலும் மலிவு. மேல்பலகை ஒட்டுப்பலகை, பெட்டி பெரிது (116 மி.மீ. வரை), ஆனால் கம்பி நீளம் எஃப்எஸ்-க்குச் சமமாக 634. விரலுக்கு இதம். தொனியில் அகலம் குறைவு. குரலுக்குப் பின்னால் நிற்க அது போதும். முதல் கிட்டாருக்கு இதைத் தாராளமாக வாங்கலாம், ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) சரிசெய்யும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொண்டால்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ நீலத் தடத்தில் ஏறினால் மவுண்ட் ரோடு கடைகள் மாற்று வண்டி இல்லாத தூரம். போகும்போது ஆறங்குல எஃகு ஸ்கேலும் போனில் ட்யூனர் செயலியும் எடுத்துப் போங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் ஆறாம் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே 2.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. முதல் கம்பிக்கு 2 மி.மீ.தான் எல்லை. அதைவிட அதிகமாக இருந்தால் உடனே சாடிலை ராவச் சொல்லாதீர்கள். முதல் ஃப்ரெட்டையும் பதினாலாம் ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி, ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். கால் மி.மீ. அளவுதான் இருக்க வேண்டும். அதைவிட அகலமாக இருந்தால் குற்றம் கழுத்தின் வளைவில். டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) கால் திருப்பு திருப்பி, மறுபடி அளக்க வேண்டும். கழுத்து நேராக இருந்தும் கம்பி உயரம் என்றால்தான் சாடில். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. குறைய, சாடிலில் 1 மி.மீ. ராவ வேண்டும்.

அடுத்தது கேப்போ, சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வி. கடையில் யாரும் செய்து பார்க்காத சோதனை இது, பாடுபவருக்கோ இதுதான் முக்கியம். இரண்டரைக் கட்டைக்காரர் சி கார்டு வடிவங்களை வைத்துக்கொண்டு மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போடுவார். ஐந்தரைக்கு ஜி வடிவங்களும் ஒன்றாம் ஃப்ரெட்டும், அல்லது இ வடிவங்களும் நான்காம் ஃப்ரெட்டும். நாலு கட்டைக்கு இ-யும் ஒன்றும், அல்லது டி-யும் மூன்றும். வாழ்நாள் முழுக்கக் கேப்போவோடுதான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் கடையிலும் அப்படியே சோதியுங்கள். உங்கள் ஃப்ரெட்டில், அதன் உலோகப் பட்டைக்கு ஒட்டிப் பின்னால் போட்டு, ட்யூனரில் ஆறு கம்பியையும் பாருங்கள். எல்லாமே ஏறிக்கிடந்தால் ஆக்ஷன் உயரம், அல்லது கேப்போவின் ஸ்பிரிங் முரட்டுத்தனம். கேப்போ போட்டதும் கார்டு சுத்தமாகி, எடுத்ததும் முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறினால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. அது சின்ன வேலைதான், கிட்டாரைத் தள்ளிவிடத் தேவையில்லை. பிறகு கூச்சப்படாமல் ஒரு பல்லவியைப் பாடிவிடுங்கள், மந்திர ஸ்தாயி வரும் பாட்டாகப் பார்த்து.

பெரம்பூர், ராயபுரம் தேவாலயப் பாடற்குழுக்களில் வாசிப்பவர்கள் பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) உள்ள எஃப்எஸ்எக்ஸ்800சி-யைப் பார்க்கலாம். கம்பி நீளம் அதே 634, ட்யூனரும் உள்ளேயே இருக்கிறது. மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் ஆண்குரலுக்கு வழி விடும். வீட்டில் மட்டும் பாடுபவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கடற்காற்றைப் பற்றிச் சொல்லாமல் வடசென்னையில் கிட்டார் பேச முடியாது. காசிமேடு, கல்மண்டபம், எண்ணூர் பக்கம் உப்புக் காற்றில் சாதாரண வெண்கலக் கம்பி சில வாரத்திலேயே கறுத்து மந்தமாகிவிடும். பூச்சுள்ள கம்பி விலை கூடுதல் என்றாலும் இங்கே அதுதான் கட்டுப்படியாகும். முதல் கம்பியின் கனம் .011 அங்குலம் போதும், குரலுக்குத் துணையாக வருவதற்கு .012 வேண்டியதில்லை. பிக்கும் 0.5 அல்லது 0.6 மி.மீ. தடிமனில் மெல்லியதாக இருக்கட்டும், தடித்த பிக் ஒவ்வொரு அடியிலும் சொற்களை மறைக்கும். முழுப்பலகை ஈரத்தில் உப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்பலகை மேலெழும்பி ஆக்ஷன் தானாக உயர்ந்தால் அது பலகை ஈரம் குடித்ததன் அறிகுறி. மழை நாளில் சாடிலை ராவினால் பங்குனியில் கம்பி ஃப்ரெட்டில் இரையும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு, ஜிப்பை மூடியே வையுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் எஃப்310-இன் ஒட்டுப்பலகை மற்ற இரண்டையும் விட அடம்பிடிக்காத ரகம்.

வெயிலில் கதவடைத்து நிறுத்திய காரில் விட்டால் பிரிட்ஜ் (சாடிலைத் தாங்கும், பெட்டிமேல் ஒட்டிய கட்டை) ஒட்டிய பசை இளகக்கூடும். வாங்கும் நாளிலும், அதன்பிறகு மாதம் ஒருமுறையும், ஒரு தாள் ஓரத்தை பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் அன்றே கம்பியைத் தளர்த்திவிட்டு ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.