சிபிடியா, உளவியக்கச் சிகிச்சையா?

ஆலோசகரிடம் முதன்முறை போகிறவர் அவர் எந்த வழியில் சிகிச்சை தருகிறார் என்று தயங்காமல் கேட்கலாம். அதைப் பொறுத்து அனுபவமே மாறிவிடும்.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய வழியிலிருந்து வளர்ந்தது சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. தொடக்கத்திலேயே இலக்கு பேசப்படும். பதற்றம் எழுந்தபோது மனதில் ஓடிய எண்ணத்தை எழுதிவருவது போன்ற வீட்டுப்பாடமும் உண்டு. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, சுமார் 50 நிமிடம், 12 முதல் 20 அமர்வுகள்.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த பிராய்டின் மரபில் வந்த உளவியக்கச் சிகிச்சையில் வீட்டுப்பாடம் அரிது. மனதில் பட்டதைப் பேசவேண்டும். ஆலோசகர் நெடுநேரம் மௌனமாக இருந்தால் தவிப்பாக இருக்கும்; அது புறக்கணிப்பு அல்ல, உங்களுக்கான இடம். சிறுவயது உறவுகளில் பட்ட காயம் இன்றைய உறவுகளில், ஏன், ஆலோசகர்மீதே கோபமாகக்கூடத் தலைகாட்டும். அந்தக் கோபத்தை மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். சிகிச்சையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. இதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும்.

திடீரெனக் கடும் அச்சம் எழும் பீதித் தாக்குதல், உயரம் போன்ற குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயம் என்றால் சிபிடியையே முதலில் பரிந்துரைப்பேன். ஒரே சிக்கல் உறவுக்கு உறவு திரும்பி வந்தால் இரண்டாவது வழி.

இரண்டிலும் ரகசியம் காக்கப்படும்; உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு. சில அமர்வுகளுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் ஆலோசகரை மாற்றலாம்.